புகைக்குக் கொடுத்த விலை

1

போன மாதம் எங்கள் காருக்கு மூச்சுப் பரிசோதனை நடந்தது. பகிடி என்று நினைக்க வேண்டாம். சுவிசில் மனிதருக்கு வருவது போலவே கார்களுக்கும் தவணைக்குத் தவணை கடிதம் வரும். குறித்த நாளில் காரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒருவர் அதன் பின்பக்கக் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, வெளியே வரும் காற்றில் என்னென்ன நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பெட்டியில் பார்ப்பார். எங்கள் காரைச் சோதித்தவர் பெட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆசுப்பத்திரியில் பெரிய டொக்டர் நோயாளியின் உறவினரை வெளியே கூப்பிட்டுக் கதைக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

அவர் சொன்னதை எங்கள் மகள் சுபா மொழிபெயர்த்தாள். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு டொச் என்கிற ஜேர்மன் மொழி நாக்கில் ஏற மறுக்கிறது. கடையில் உப்புக் கேட்டால் சோப் தருகிறார்கள். பன்னிரண்டு வயதுச் சுபாவோ பிறந்ததே இங்கேதான் என்பதுபோலக் கதைக்கிறாள். கந்தோர், டொக்டர், பள்ளிக்கூடம் எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பெரியவர்களுக்கு வரும் ஏச்சையெல்லாம் முதலில் வாங்கிக் கொள்வது அவள்தான். அதனால் அவளுக்கு எங்கள்மேல் ஓர் அலுப்பு உண்டு.

காரின் வயிற்றுக்குக் கீழே, சைலன்சருக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. கற்றலிசாத்தோர் என்கிறார்கள். அதற்குள் தேன்கூடுபோலக் கண் கண்ணாக ஒரு கட்டி. அதன் மேல் பிளாட்டினம் பூசியிருக்கிறது. எஞ்சின் விடுகிற நச்சுப் புகை அந்தக் கண்களுக்குள்ளால் நுழைந்து போகும்போது நஞ்சு முறிந்து, குளித்துவிட்டு வந்ததுபோல வெளியே வரும். எங்கள் பெட்டி செத்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் புதிது போடாவிட்டால் நம்பர் தகட்டைக் கழற்றி எடுத்துவிடுவார்களாம்.

கராஜுக்குப் போய் விலையைக் கேட்டதும் நான் சுபாவைத் திரும்பவும் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். குறையவில்லை. நாங்கள் அந்தக் காரை வாங்கிய விலையைவிட முந்நூறு பிராங் கூட.

2

அது என் கார் அல்ல. என் மனைவி றீற்றாவின் கார். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். இல்லம் மலைமேலே ஒரு கிராமத்தில் இருக்கிறது. காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும், முதல் பஸ் அதற்குப் பிறகுதான் அசையும். கார் இருக்கிறது என்று சொன்னபடியால்தான் அவளுக்கு அந்த வேலையை நிரந்தரமாகக் கொடுத்தார்கள். நான் ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவுகிறேன். என் வேலை எந்த நேரமும் போகலாம். வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையது. கார் போனால் அந்த வேலை போகும். அதைவிட, ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் இந்த ஊரில் தான் ஓர் ஆளாக இருப்பதாக றீற்றா உணர்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

கராஜ்காரர், செம்பட்டை மீசைக்காரர், பழைய பெட்டியைக் கழற்றி உள்ளே ரோச் அடித்துக் காட்டினார். தேன்கூடு உருகி, அடுப்பில் தீய்ந்த வெல்லப்பாகுபோலக் கட்டியாகிக் கிடந்தது. எரியாத பச்சைப் பெற்றோல் உள்ளே போய், அங்கே பற்றி எரிந்திருக்கிறது என்றார். இந்த வயதுக் காருக்கு இப்படி நடப்பது குறைவாம். யாராவது எஞ்சினுக்குள் பெற்றோல் ஊற்றினீர்களா என்று கேட்டார்.

நான் றீற்றாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். போன மாரி கடுமையான குளிர். காலை ஐந்தரைக்கு எங்கள் அடுக்குமாடியின் கீழே கார்கள் எல்லாம் உறைந்து கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் திறப்பைத் திருகித் திருகிக் களைத்துப் போவார்கள். றீற்றா இறங்கிப் போவாள். எங்கள் காரின் பொனற்றைத் திறப்பாள். காற்று வடிக்கிற சட்டியின் மூடியைக் கழற்றுவாள். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பழைய சம்போ போத்தலை எடுத்து, காபரேற்றரின் வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவாள். சிலுவை போட்டுக்கொண்டு திறப்பைத் திருகினால் கார் ஓர் இருமல் இருமிவிட்டு எழும்பும். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். நானும் ஜன்னலில் நின்று பெருமைப்பட்டேன். எழும்பாத நாளில் நாலு சொட்டு நாற்பதாகும். அந்தப் பெற்றோல்தான் கீழே போய் அந்த விலையுயர்ந்த தேன்கூட்டைக் கொளுத்தியிருக்கிறது.

கராஜில் வைத்துச் சுபா எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வெடித்தாள்.

"அம்மா, உங்களுக்கு விசரே? எங்கடை வகுப்பிலை காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் செத்த மரங்களைக் காட்டினவை. கார்ப் புகையாலை செத்ததாம். நீங்கள் மாரி முழுக்க நஞ்சு விட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள்."

"தெரியாமல் செய்திட்டன் பிள்ளை."

"ஊரிலை செய்த மாதிரி எல்லாத்தையும் இஞ்சையும் செய்யிறியள். அதுதான் பிரச்சினை."

றீற்றா சோறு போடப் போனாள். எனக்குச் சுபாவின்மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லையே என்பதும் உறைத்தது.

3

அந்தச் சம்போ போத்தல் வித்தையை இங்கே யாருக்கு விளக்கலாம்? ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் இன்னமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

கொக்குவிலில் எங்கள் வளவுக்குள் ஒரு கொட்டில். அதற்குள் காலஞ்சென்ற என் அப்பாவின் ஒஸ்ரின் சோமசெற் கார். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கி, அரசாங்கம் பெற்றோலை ஊருக்குள் விடாமல் நிறுத்தியபோது நான் காரைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டு, சைக்கிளில் தபால் கந்தோருக்குப் போகத் தொடங்கினேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான். காரைத் திரும்ப நிலத்தில் இறக்கியவள் றீற்றா.

அவள் கடற்கரையில் இருக்கிற குருநகர்ப் பெண். தகப்பனுக்கும் தமையன்மாருக்கும் எஞ்சின் பூட்டிய வள்ளங்கள் இருந்தன. கடலில் ஓடுகிற அந்த எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய்தான் சாப்பாடு. பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் குழாயை மாற்றி மண்ணெண்ணெய்க்கு விட வேண்டும். கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டும், அல்லது அடுத்த நாள் எழும்பாது. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். "வள்ளத்துக்குச் செய்யிறதைக் காருக்குச் செய்தால் என்ன?" என்றாள். தமையனைக் கூப்பிட்டாள். பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதில் பெற்றோலும் பின்னாலே தாங்கியில் மண்ணெண்ணெயுமாக இரண்டு குழாய் வைத்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் சோமசெற் ஒழுங்கை முழுவதையும் வெள்ளைப் புகையால் மூடிக்கொண்டு படலைக்கு வெளியே வந்தது. கோழிகள் எல்லாம் மதிலுக்கு மேலே. நான் கைதட்டினேன். கண்ணெரிவில் கண்ணீர் வழிந்தது.

நான் ஓட்டினால் அந்தக் கார் நின்றுவிடும். அவளுக்கு மட்டும் பணிந்தது. சத்தத்தைக் கேட்பாள், பின்னால் போய்ப் புகையை மணந்து பார்ப்பாள். "இன்னும் சூடேறேல்லை" என்பாள், அல்லது "இப்ப விடலாம்" என்பாள். கண்ணாடிக்குக் கீழே அவளுடைய அந்தோனியார் படமும் என்னுடைய இணுவில் கந்தசாமியார் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டு பேரும் கொஞ்ச நாளில் ஒரே கறுப்பாகிவிட்டார்கள்.

அம்புலன்ஸ் வராத காலம் அது. பிள்ளைப் பேறு, காய்ச்சல், பாம்பு கடித்தது, காயப்பட்டது என்று எந்த நேரமும் படலையில் ஆள் நிற்கும். றீற்றா சேலையைச் செருகிக்கொண்டு திறப்பை எடுப்பாள். மேலே குண்டு போடுகிற விமானத்தின் சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமல் இருப்பாள். நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பெற்றோல் வேண்டுமே. மண்ணெண்ணெய் தந்தால் வாங்குவாள், தராவிட்டால் கேட்க மாட்டாள். அவள் திரும்பி வரும் வரைக்கும் சுபா சாப்பிட மாட்டாள். வந்ததும் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அந்த மண்ணெண்ணெய் மணத்தை இழுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இன்றைக்கு அதைச் சொன்னால் தனக்கு நினைவில்லை என்கிறாள்.

4

விலையைக் கேட்டு நான் சோர்ந்து போயிருந்தபோது, வேறு நகரத்தில் இருக்கிற என் மூத்த அண்ணை ரெலிபோனில் வந்தார். அண்ணைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும்.

"எடேய், உதுக்கெல்லாம் காசு குடுக்கிறதே? உள்ளுக்குக் கிடக்கிறதைத் தட்டிக் கொட்டிப்போட்டு வெறும் பெட்டியைப் பூட்டு. சோதினைக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒராள் தன்ரை பெட்டியைக் கழட்டித் தருவான். பாஸ் பண்ணினாப் பிறகு திருப்பிக் குடு. கார் முந்தியை விட நல்லாய் ஓடும்."

அண்ணையின் அக்கறைக்குக் காரணம் இருந்தது. சுபா பெரியபிள்ளையாகி அரை வருடம் ஆகியிருந்தது. சாமத்தியவீட்டைப் பிந்திச் செய்கிறோம் என்று அவருக்கு மனக்குறை. நாங்கள் இங்கே சில குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். அந்தச் சீட்டுக் காசு வந்ததும் மண்டபம் எடுத்து, வீடியோக்காரரைப் பிடித்துச் செய்வதாகப் பேச்சு. மண்டபத்தை அண்ணை பார்த்தும் விட்டார். பெட்டிக்குக் காசு போனால் மண்டபம் போகும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அண்ணையின் யோசனை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் இரவல் வாங்குகிற பெட்டிதானே. கொக்குவிலில் கலியாணத்துக்குப் போக ஒருவரின் ரயரை இன்னொருவர் கழற்றிப் பூட்டவில்லையா? றீற்றாவிடம் சொன்னேன். அவளும் உடனே ஓமென்பாள் என்று நினைத்தேன். மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவள் அல்லவா.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்? ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்."

"அப்ப?"

"இஞ்சேருங்கோ, புகையைச் சுத்தமாக்கிறதுக்கு ஒரு சாமான் இருக்கு எண்டு எனக்கு இப்பதான் தெரியும். அங்கை இருந்திருந்தால் நான் எப்பவோ வாங்கிப் பூட்டியிருப்பன். இருக்கேக்கை, கையிலை காசும் வரேக்கை, வெறும் பெட்டியைப் பூட்டச் சொல்லுறியளோ?"

"காசு சுபாவின்ரை சாமத்தியவீட்டுக்கு."

அவள் சுபா இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு யோகமக்காவை மறந்துபோச்சோ?" என்று கேட்டாள்.

மேசையின் மறுபக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த சுபா தலையை நிமிர்த்தினாள். "ஆர் யோகமக்கா?" என்றாள்.

5

யோகமக்கா எங்கள் அடுத்த வளவுக்காரி. நல்ல மனுசி, ஆனால் பழைய மனுசி. நான் சாதி சமயம் பாராமல் குருநகரில் கலியாணம் செய்ததை அவவால் பொறுக்க முடியவில்லை. மதிலுக்கு மேலால் என்னோடு கதைப்பா. எங்கள் வீட்டுக்கு வந்தால் முற்றத்தோடு நிற்பா. றீற்றா தேத்தண்ணி கொண்டுவந்தால், "இப்பதான் குடிச்சனான்" என்பா. கலியாணம் முடிந்த நாள் முதல் அவ எப்போதும் இப்போதுதான் குடித்திருந்தா. றீற்றாவுக்கு ஏன் என்று தெரியும். கோப்பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோவாள்.

யோகமக்காவுக்கு இழுப்பு வருத்தம். ஒரு மழை நாள் பின்னேரம் அது கடுமையாகிவிட்டது. மருந்து தட்டுப்பாடு. உதடு நீலம் பாரித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றன. மகன் ஓடி வந்து எங்கள் படலையைத் தட்டினான். றீற்றா அப்போதுதான் தலை முழுகியிருந்தாள். ஈரத் தலையோடு காரை எடுத்தாள். நான் முன்னுக்கு. யோகமக்காவும் மகனும் பின் சீற்றில்.

சோமசெற்றின் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புகை பாதி வெளியே போகும், பாதி உள்ளே வரும். மழை அடித்ததால் கண்ணாடியைத் திறக்கவும் முடியவில்லை. திறந்தால் அந்த மனுசி நனைந்து விறைத்துவிடுவா. கொஞ்சம் திறப்போம், மூடுவோம். பின்னால் யோகமக்காவின் நெஞ்சு விசிலடிப்பது எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. ஒவ்வொரு மூச்சிலும் அந்தப் புகைதான் போனது. காரை நிறுத்திப் புகை போகவிடலாம் என்றால், நின்ற எஞ்சின் பிறகு எழும்புமா தெரியாது. சேலைன் போத்தலில் இருந்த பெற்றோல் எழுப்பின கையோடு முடிந்துவிட்டது.

றீற்றா பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவவைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, மூச்சு விடேலுமோ?"

இழுப்புத்தான் கேட்டது. கொஞ்சத் தூரம் போனதும் திரும்பவும் கேட்டாள்.

"அக்கா, மூச்சு விடேலுமோ?"

யோகமக்கா கையை மட்டும் அசைத்தா. போ என்றாவா, நிறுத்து என்றாவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. றீற்றா அழுதுகொண்டே ஓட்டினாள். ஆசுப்பத்திரி வாசலில் கார் தானாக நின்றுவிட்டது. மகன் தாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். பத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டா. வந்த அன்றே கதலி வாழைக்குலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. முற்றத்தில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கதிரையில் இருந்து, "பிள்ளை, தேத்தண்ணி போடு" என்றா. றீற்றா போட்டுக் கொடுத்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தா. பிறகு சிரித்துக்கொண்டு சொன்னா:

"வருத்தத்திலை சாகேல்லையடி பிள்ளை, உன்ரை புகையிலைதான் சாகப் பார்த்தன்."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு எவ்வளவோ காலம். றீற்றா மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுத்த நாளே எங்கோ தார் தேடிப் பிடித்து, சாக்குத் துண்டுகளைத் தாரில் தோய்த்து, காருக்குக் கீழே படுத்து ஓட்டை ஓட்டையாக அடைத்தாள். தலைமயிரெல்லாம் தார். அப்படியும் புகை வந்துகொண்டுதானிருந்தது. அதற்குப் பிறகு யாரை ஏற்றினாலும் அவள் கண் கண்ணாடியிலேயே இருந்தது.

யோகமக்கா போன வருடம் காலமாகிவிட்டா என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். றீற்றா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

6

நான் இந்தக் கதையைச் சுபாவுக்குச் சொல்லி முடித்தபோது அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, எனக்கு உந்தச் சாமத்தியவீடு வேண்டாம். என்னைச் சோடிச்சுக் கதிரையிலை இருத்திப்போட்டு எல்லாரும் பார்த்துச் சாப்பிட்டுட்டுப் போறதுக்கோ? காருக்குக் குடுங்கோ."

சந்தர்ப்பம் பார்த்துத் தப்பிவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்த நேரத்தில் அதைச் சொன்னாளே, அதற்காக அவளை மெச்சினேன். றீற்றா சீட்டு ஏலம் கூறும் நாளில் போய், மற்ற எல்லாரையும்விடக் கழிவு கூட விட்டுக் காசை எடுத்தாள். எவ்வளவு நட்டம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அண்ணை இரண்டு கிழமை ரெலிபோன் எடுக்கவில்லை. எடுத்தபோது, "சாமத்தியவீட்டுக் காசிலை சைலன்சர் வாங்கின முதல் தமிழன் நீதான்ரா" என்றார். சைலன்சர் இல்லை அண்ணை என்று விளக்கப் போனேன். கேட்கவில்லை.

இந்த நாட்டைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. ஒரு சிரிப்பில்லாத நாடு, ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கக் கூடாத நாடு. ஆனால் ஒரு கோப்பை கழுவுகிறவனின் வீட்டுப் பழைய காரும் மற்றவனின் மூச்சுக்குள் நஞ்சு விடக் கூடாது என்று மினக்கெட்டுக் கம்பி விட்டுப் பார்க்கிறார்களே, அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பெட்டி, ஒரே சோதினை. விலைதான் கொஞ்சம் நெஞ்சை அடைக்கிறது.

சோதினை நாள் மூன்று பேரும் போனோம். அதே மனிதர் அதே கம்பியை விட்டார். பெட்டியைப் பார்த்தார். இந்த முறை சிரித்தார். சுபா மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. றீற்றா கடுதாசியை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, ஓடிக்கொண்டிருந்த காரின் பின்னால் போய்க் குனிந்து, ஊரில் செய்ததுபோல மணந்து பார்த்தாள். அத்தனை சுவிஸ்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு நாளென்றால் சுபா வெட்கத்தில் காருக்குள் ஒளிந்திருப்பாள். அன்றைக்கு அவளும் தாயோடு குனிந்து மணந்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லை அம்மா."

"ஓமடி, ஒண்டுமில்லை" என்றாள் றீற்றா.

வழக்கமாக நான்தான் முன் சீற்றில் இருப்பேன். அன்றைக்கு, "நீங்கள் பின்னுக்கு ஏறுங்கோ" என்றாள். ஏன் என்று கேட்காமல் ஏறினேன். சுபா முன்னால் ஏறினாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. றீற்றா ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் முழுதாக ஏற்றி மூடச் சொன்னாள். சிலுவை போட்டுக்கொண்டு காரை எடுத்தாள். ஆற்றங்கரை வீதியில் கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவள் கண்களைக் கண்டேன். அவை என்னைத்தான் பார்த்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, மூச்சு விடேலுமோ?" என்றாள்.

சுபா திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றாக ஒரு மூச்சை இழுத்து விட்டேன்.

"ஓம் பிள்ளை" என்றேன். "வடிவாய் ஏலுது."